வீட்டில் ஐஸ்கிரீம், குல்ஃபி கெடாமல் வைப்பது எப்படி? பால் மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பங்குனி பிறந்துவிட்டால் கிராமத்து வீடுகளிலும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மாடு, எருமை வைத்திருப்பவர்கள் சொசைட்டிக்கு ஊற்றியது போக மீதிப் பாலில் குல்ஃபி செய்து வீட்டுக்கும் வைத்துக்கொள்கிறார்கள், கோயில் திருவிழா சமயத்தில் கொஞ்சம் விற்கவும் செய்கிறார்கள். செய்யும் முறை பலருக்கும் கைவந்துவிட்டது. வைத்துக் காப்பாற்றுவதில்தான் பாலும் சர்க்கரையும் வீணாகின்றன. நான்கு நாளில் மணல் போல நறநறக்கிறது, கருவாட்டு வாசம் ஏறுகிறது, மின்வெட்டில் உருகி மறுபடி கட்டியாகிறது. இதில் முதல் இரண்டும் ருசி சம்பந்தப்பட்டவை. மூன்றாவது உடல்நலம் சம்பந்தப்பட்டது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் எதைச் சாப்பிடலாம், எதைக் கொட்ட வேண்டும் என்பது தெளிவாகும்.

ஃப்ரீசரில் இருந்தும் ஏன் கெடுகிறது?

ஐஸ்கிரீம் முழுக்க உறைந்த பொருள் அல்ல. சர்க்கரையும் பாலில் உள்ள உப்புகளும் கரைந்திருப்பதால் அது தண்ணீரைப் போல 0 டிகிரியில் உறையாது. மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உறையத் தொடங்கும். மைனஸ் 5 டிகிரியில் அதிலுள்ள தண்ணீரில் பாதி அளவே பனிக்கட்டியாகியிருக்கும். மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் முக்கால் பங்கு உறைந்திருக்கும். மீதி கெட்டியான சர்க்கரைப் பாகாகப் பனித்துகள்களுக்கு நடுவே நிற்கும்.

குளிர் கொஞ்சம் குறைந்தால் சிறிய பனித்துகள்கள் கரைந்து அந்தப் பாகில் கலந்துவிடும. மறுபடி குளிர் ஏறும்போது அந்தத் தண்ணீர் புதிய சிறு துகளாக உறையாமல், ஏற்கெனவே இருக்கும் பெரிய துகள் மீது ஒட்டி அதை இன்னும் பெரிதாக்கும். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும், ஒவ்வொரு மின்வெட்டிலும் இது நடக்கிறது. நன்றாகச் செய்த ஐஸ்கிரீமில் பனித்துகள் நாக்குக்குத் தெரியாத அளவில் இருக்கும். சுமார் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்கில் நறநறக்கத் தொடங்கும். ஆகவே, எவ்வளவு குளிர் இருக்கிறது என்பதைப் போலவே, அந்தக் குளிர் ஏறி இறங்காமல் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

மேல்பரப்பில் வெள்ளையாகப் பனிப்பூ படர்வதும் இதே குடும்பம்தான். ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று மிகவும் வறண்டது. டப்பாவில் காலி இடம் இருந்தால் ஐஸ்கிரீமிலிருந்து ஈரம் வெளியேறி மூடியின் உட்புறத்திலும் மேற்பரப்பிலும் பனியாகப் படியும். அடியில் இருப்பது ரப்பர் போல இழுபடும்.

வாசம் ஏறுவதற்குக் காரணம் கொழுப்பு. பால் கறந்த பாத்திரத்தைச் சாணக் குவியல் பக்கத்தில் திறந்து வைத்தால் பாலில் வாடை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். கொழுப்பு அதிகமுள்ள ஐஸ்கிரீமும் அப்படித்தான் வாசத்தை வாங்கும். மீன், கறி, பூண்டு விழுது, ஏன், சாமிக்கு வாங்கி வைத்த மல்லிகைப்பூகூட விட்டுவைக்காது.

ஸ்டாரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஐஸ்கிரீமுக்குத் தேவையான குளிர் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் அதைத் தருகிறதா? இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. கடையில் வாங்கும்போது முன்பக்கம் ஒட்டியிருக்கும் 2 ஸ்டார், 3 ஸ்டார், 5 ஸ்டார் என்பது மின்சாரச் சிக்கனத்துக்கான குறியீடு. அதற்கும் ஃப்ரீசரின் குளிருக்கும் சம்பந்தமில்லை.

ஃப்ரீசர் பெட்டியின் சிறிய கதவிலோ, உள்ளே ஒட்டிய தகட்டிலோ, கூட வந்த கையேட்டிலோ தனியாக நட்சத்திரக் குறி இருக்கலாம். அதில் ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே மேலே இருக்கும் ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18ஐத் தொடுவதில்லை. அதில் ஐஸ்கிரீமை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நான்கைந்து நாளில் தீர்த்துவிடும் அளவு மட்டும் வையுங்கள். மாதக்கணக்கில் வைக்க அது இடமல்ல.

தனி ஃப்ரீசர் கதவுள்ள இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் குளிரில் பரவாயில்லை. ஆனால், பனி படியாத வகை ஃப்ரிட்ஜில் உள்ளே ஒரு சூடேற்றி அவ்வப்போது தானாக ஓடி, குளிர்க்குழாயில் படிந்த பனியைக் கரைக்கும். அந்த நேரத்தில் குளிர் சற்று ஏறி இறங்கும். மூடி இறுக்கமாக இல்லாத டப்பா இதில் சீக்கிரம் நறநறத்துப்போகும்.

மேலே மூடி திறக்கும் டீப் ஃப்ரீசர்தான் ஐஸ்கிரீமுக்குச் சிறந்தது. குளிர்ந்த காற்று கனமானது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் தண்ணீர் போலக் கீழே கொட்டிவிடும். மேல்மூடியைத் திறந்தால் தொட்டிக்குள்ளேயே நிற்கும். விற்பனைக்குக் குல்ஃபி செய்ய நினைப்பவர்கள் இதைத் தவிர வேறு எதிலும் பணம் போடுவதில் அர்த்தமில்லை.

குளிரை அளந்து பார்க்க, மைனஸ் அளவு காட்டும் ஃப்ரீசர் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதை இரண்டு டப்பாக்களுக்கு நடுவே இரவு வைத்துவிட்டு, காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் கரண்டியே சொல்லும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே தடையில்லாமல் கரண்டி இறங்கினால் குளிர் போதவில்லை. சர்க்கரை அதிகம் போட்ட குல்ஃபி நல்ல குளிரிலும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜை அடுப்புப் பக்கத்திலோ மேற்கு வெயில் படும் சுவரிலோ ஒட்டி வைக்காதீர்கள். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவின் ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஐஸ் பெட்டியில் அரை விரல் கனத்துக்குப் பனி படிந்துவிட்டால் குளிர் உள்ளே இறங்காது. கரைத்துவிட வேண்டியதுதான். கத்தியால் குத்திக் குழாயில் ஓட்டை போடாதீர்கள். ஐஸ்கிரீமை முதலில் தீர்த்துவிட்டு, பிறகு பனி கரைப்பதே சரியான வரிசை.

டப்பாவும் இடமும்

வீட்டில் செய்த ஐஸ்கிரீமைப் பெரிய பாத்திரத்தில் ஒரே கட்டியாக வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் முழுப் பாத்திரமும் வெளியே வந்து, மேலே உருகி, மறுபடி உள்ளே போகிறது. ஒரு வேளைக்கு ஆகும் அளவில் சிறிய கப்புகளில் ஊற்றி உறைய வையுங்கள். எடுத்தது மறுபடி உள்ளே போகக் கூடாது. குல்ஃபி அச்சு இந்த விஷயத்தில் நம் முன்னோடி. ஒருவருக்கு ஒன்று, மிச்சமே கிடையாது.

பெரிய டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்றால், ஆழமான டப்பாவை விட அகலமான, ஆழம் குறைந்த டப்பா நல்லது. சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும். ஊற்றிய மேற்பரப்பின் மீது பட்டர் பேப்பரோ உணவுக்கான பிளாஸ்டிக் தாளோ ஒட்டிப் படியும்படி விரித்து, அதன்மேல் மூடியை இறுக்குங்கள். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் பனிப்பூவும் இல்லை, வாசமும் இல்லை. உறைய வைக்கும் நாளில் ஃப்ரீசர் பொத்தானை அதிகக் குளிருக்குத் திருப்பி, டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தரையில் பரப்பி வையுங்கள். உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

டப்பாவின் இடம் ஃப்ரீசரின் அடியில், பின்பக்கம். கதவுத் தட்டில் ஐஸ்கிரீம் வைக்கவே கூடாது. மீன், கறி இருந்தால் அவை மூடிய டப்பாவில், ஐஸ்கிரீமுக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சைக் கறியின் நீர் ஐஸ்கிரீம் டப்பாவில் சொட்டினால் அதை யாரும் மறுபடி கொதிக்க வைத்துச் சாப்பிடப்போவதில்லை.

விவசாய வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்து, மாட்டுக்கான ஊசி மருந்து, சில சமயம் உயிர் உரப் பாக்கெட், பூச்சிமருந்து பாட்டில்கூட அதே ஃப்ரிட்ஜில் இருக்கும். பூச்சிமருந்து எந்தக் காரணத்துக்காகவும் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வரக் கூடாது. தடுப்பு மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் தேவைப்படும் குளிரே வேறு. பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. ஐஸ்கிரீமுக்காகக் குளிரைக் கூட்டப்போய் மருந்து உறைந்து வீணாகிவிடும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் தேடிக் கையை விடும் பெட்டியில் ஊசி மருந்துக் குப்பி இருப்பது வேறு ஆபத்து.

சாப்பிடும்போது கல் மாதிரி இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 10 நிமிடம் வைத்தால் மேலும் உள்ளும் ஒரே சீராக இளகும். கரண்டியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள்.

பாலில் தொடங்கும் பாதுகாப்பு

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தவறு. அது தூங்குகிறது, அவ்வளவுதான். 2010 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஐஸ்கிரீமில் இருந்த லிஸ்டீரியா கிருமியால் 10 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 3 பேர் இறந்தார்கள். பெரிய இயந்திரங்களும் ஆய்வுக்கூடமும் வைத்திருந்த இடத்தில் நடந்தது அது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரிலும் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது மிகவும் ஆபத்தானது.

நம் தொழுவத்துக்கு நெருக்கமானது வேறொரு கிருமி. மடிநோய்க்குக் காரணமான கிருமிகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் முக்கியமானது. கையில் உள்ள புண், கொப்புளத்திலும் அது இருக்கும். பால் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அது பெருகி ஒரு நச்சை விடுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நச்சு சாகாது. உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வருவதற்கு இதுவே போதும். அதனால் மடி வீங்கிய, பால் திரிதிரியாக வரும் மாட்டின் பாலை 'காய்ச்சித்தானே செய்கிறோம்' என்று குல்ஃபிக்குத் திருப்பாதீர்கள். ஊசி போட்ட மாட்டின் பாலும், கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை ஆகாது. சொசைட்டியில் வாங்காத பாலைக் குல்ஃபியாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

கறந்த பாலை உடனே வடிகட்டிக் காய்ச்சுங்கள். சர்க்கரை, பால் பவுடர், சோளமாவு எல்லாவற்றையும் காய்ச்சும்போதே சேர்த்துவிடுங்கள். ஆறிய பிறகு பச்சைப் பாலோ காய்ச்சாத பாலாடையோ கலக்காதீர்கள். காய்ச்சிய கலவையை அகலமான குளிர்ந்த நீரில் பாத்திரத்தோடு இறக்கி, கிண்டிவிட்டு வேகமாக ஆற வைத்து, மூடி ஃப்ரிட்ஜில் 4 மணி நேரமாவது வையுங்கள். இரவு முழுவதும் வைத்தால் இன்னும் நல்லது. கொழுப்பு இறுகி, பால் புரதம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள இந்த நேரம் தேவை. சூடான கலவையை நேராக ஃப்ரீசரில் வைத்தால், அது மெதுவாக உறைந்து பெரிய பனித்துகளாவதோடு, பக்கத்தில் இருக்கும் பழைய ஐஸ்கிரீமையும் இளக்கிவிடும்.

கெட்டியான பால் நன்றாகத் தாங்கும்

தண்ணீர் குறைந்தால் பனியாக மாற ஆளில்லை. இதுதான் குல்ஃபி நீண்ட நாள் நிற்பதன் ரகசியம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி ஐஸ்கிரீம், குல்ஃபி என்று பெயர் போட்டு விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பும், 36 சதவீதம் மொத்தத் திடப்பொருளும் இருக்க வேண்டும். சொசைட்டியில் தினமும் கொழுப்பு அளவு பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. 7 சதவீதக் கொழுப்புள்ள எருமைப்பாலைப் பாதியாகச் சுண்டினால் 14 சதவீதம் ஆகும். சர்க்கரை சேர்ந்த பிறகும் 10க்கு மேலேயே நிற்கும். 4 சதவீதமுள்ள பசும்பாலைப் பாதியாகச் சுண்டினால் 8தான். மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சும்போது பாலாடை சேர்க்க வேண்டும். பால் பவுடரை அளவுக்கு மேல் கொட்டினால், நாளாக ஆகப் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் படிகமாகி மணல் போல நெருடும். இது பனித்துகள் அல்ல. வாயில் கரையாமல் நிற்பதை வைத்து அடையாளம் காணலாம்.

கடையில் வாங்குபவர்கள் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் அதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால், மாடு வளர்ப்பவர்கள் பால் ஐஸ்கிரீம் என்று நினைத்துக்கொண்டு அதை வாங்குவதைப் பார்த்தால் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூடி உப்பியோ, டப்பாவின் ஓரத்தில் வழிந்து உறைந்த தடமோ, உள்ளே ஐஸ்கிரீம் விளிம்பைவிட்டு வற்றிப்போயோ இருந்தால், கடைக்கு வரும் வழியிலேயே அது ஒருமுறை உருகியிருக்கிறது. வாங்காதீர்கள்.

நல்ல குளிருள்ள ஃப்ரீசரில் வீட்டில் செய்த ஐஸ்கிரீமை இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டால் ருசி குறையாது. கெட்டியான குல்ஃபி ஒரு மாதம் தாங்கும். கடையில் வாங்கியதைத் திறந்த பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். செய்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள்.

மின்சாரம் போனால்

கோடை மழையோடு காற்றடித்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நிறைந்த டீப் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் உள்ளே உள்ள உணவு இரண்டு நாள்வரை கெடாது, பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. இது கறி, காய்கறிக்கான கணக்கு. ஐஸ்கிரீம் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் சில மணி நேரம்தான்.

இதற்கு ஒரு செலவில்லாத ஏற்பாடு உண்டு. ஃப்ரீசரின் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைப்பது பலருக்கும் தெரியும். ஆனால், வெறும் தண்ணீர்க்கட்டி 0 டிகிரியில்தான் உருகும். அதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகியிருக்கும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்பைக் கரைத்து, பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றி, இறுக்கி மூடி உறைய வையுங்கள். இந்த உப்புநீர் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழேயே கொஞ்சம் கொஞ்சமாக உருகிக்கொண்டு குளிரைப் பிடித்து வைக்கும். ஐஸ்கிரீம் டப்பாக்களைச் சுற்றி இவற்றை நெருக்கி அடுக்குங்கள். பாட்டிலில் 'உப்புநீர்' என்று எழுதி ஒட்டுங்கள், யாராவது தாகத்துக்குக் குடித்துவிடக் கூடாது. மின்சாரம் இல்லாத நேரத்தில் ஃப்ரீசர் மீது கம்பளியோ கனமான சாக்கோ போர்த்தலாம். மின்சாரம் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மின்சாரம் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு சிறிய கப்பில் அதே குல்ஃபிக் கலவையை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. சாய்ந்தோ மூழ்கியோ இருந்தால், உள்ளே இருந்தது எல்லாம் ஒருமுறை இளகி உறைந்திருக்கிறது. தண்ணீரில் நாணயம் வைத்தால் 0 டிகிரியைத் தாண்டினால்தான் தெரியும், அது ஐஸ்கிரீமுக்குப் போதாது.

திருவிழாவுக்கு எடுத்துப் போகும்போது

தெர்மாகோல் பெட்டியில் வெறும் ஐஸ்கட்டி போட்டுக் குல்ஃபி எடுத்துப்போனால் பாதி வழியிலேயே குச்சி கழன்றுவிடும். பானை குல்ஃபிக்காரர்களின் பழைய முறைதான் இன்றும் சரி. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல் உப்பு ஒரு பங்கு கலந்தால் மைனஸ் 20 டிகிரியை ஒட்டிப் போகும். அச்சுகளின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உப்புநீர் உள்ளே புகுந்தால் சரக்கே போச்சு. உருகிய உப்புநீரைப் பயிர் இருக்கும் பாத்தியிலோ மாட்டுத் தொட்டியிலோ ஊற்றிவிடாதீர்கள். உலர் பனி கிடைக்கிறது என்று வாங்கினால் அது மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். கார் கண்ணாடியை மூடிக்கொண்டு அதை ஏற்றிச் செல்லக் கூடாது.

விற்பனை சிறிய அளவாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுச் சான்று எடுக்க வேண்டும். பெட்டியில் மிஞ்சி இளகிய குல்ஃபியை இரவு ஃப்ரீசரில் வைத்து மறுநாள் விற்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. முதல் நாள் கடைசி வியாபாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே எடுத்துப்போங்கள். வாங்க வந்தவர் திரும்பிப் போனாலும் பரவாயில்லை.

எதை வைக்கலாம், எதைக் கொட்டலாம்?

நறநறப்பு, பனிப்பூ, ரப்பர் போன்ற இழுவை இருந்து, ஆனால் ஒருமுறையும் உருகாமல் இருந்தால் பயமில்லை. மேலே ஒரு விரல் கனம் சீவி எறிந்துவிட்டு, மீதியைக் குளிர்ந்த பாலோடு மிக்ஸியில் அடித்து அப்போதே குடித்துவிடலாம். உருகித் தண்ணீரான ஐஸ்கிரீம் மறுபடி உறைந்திருந்தால், வாசம் நன்றாக இருந்தாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்தது என்பது அந்தக் கட்டியைப் பார்த்துத் தெரியாது. காய்ச்சி பாயசத்தில் சேர்ப்பதும் வேண்டாம், மேலே சொன்ன நச்சு கொதியில் போகாது. எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடிவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.